தேறாதவர் கையில் ஒரு சீட்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



படைவீரர் என்றதும் துப்பாக்கியும் அணிவகுப்பும் நம் கண்முன் வரும். இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு புத்தகத்தில் மஞ்சள் மையால் கோடிழுக்கும் முப்பது வயதுக்காரர் வரமாட்டார். அதிகாரியாக நுழையாமல், கடைநிலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வருகிறவர்கள் நிறையப் பரீட்சை எழுதுகிறார்கள். அதுவும் குடும்பமும் குழந்தையும் வந்த பிறகு எழுதுகிறார்கள். இந்தப் பரீட்சைகளையும் அவற்றுக்குத் தயாராகும் விதத்தையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பழக்கம் புதிதல்ல. 1861-ல் பிரிட்டிஷ் ராணுவம் மூன்று வகுப்புக் கல்விச் சான்றிதழ்களை ஏற்படுத்தியது. மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் கார்ப்பரல் ஆகலாம். இரண்டாம் வகுப்பு சார்ஜென்ட் ஆக. சிப்பாய் நிலையிலிருந்தே அதிகாரியாக உயர நினைப்பவருக்கு முதல் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்கு என்ன கேட்டார்கள்? வாய்விட்டு வாசிக்க வேண்டும், சொல்வதை எழுத வேண்டும், பணக் கணக்குப் போட வேண்டும். நம் தரைப்படையிலும் மூன்றாம், இரண்டாம், முதல் வகுப்பு என்று ராணுவக் கல்விச் சான்றிதழ்கள் வந்தது அந்த வழியில்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களின் தலைகள் அசைகின்றன. வரைபட வாசிப்புப் பரீட்சையை நான் சொல்லாவிட்டாலும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் இன்று நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க விமானப்படையை. காரணம், பதவி உயர்வு என்ற விஷயத்தை முழுக்க முழுக்க ஒரு கூட்டல் கணக்காக மாற்றி, அந்தக் கணக்கை வீரனின் கையிலேயே கொடுத்துப் பார்த்த படை அது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்திப் பார்த்துவிட்டு, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியும் வருகிறது. இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்கப் படைகளில் தமிழர்களும் இருக்கிறார்கள். 2009-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவரையும் அவர்கள் அறிந்த மொழிக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-ல் அந்த வழி அடைபட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

அங்கே கடைநிலை வீரருக்கு ஒன்பது படிகள். இ-1 முதல் இ-9 வரை எண்ணிட்டிருப்பார்கள். முதல் நான்கு படிகள் பெரும்பாலும் காலம் கடந்தால் வந்துவிடும். ஐந்தாவது படியில்தான் போட்டி தொடங்குகிறது. விமானப்படையில் அதற்கு ஸ்டாஃப் சார்ஜென்ட் என்று பெயர். அதற்கு மேல் டெக்னிக்கல் சார்ஜென்ட், மாஸ்டர் சார்ஜென்ட், சீனியர் மாஸ்டர் சார்ஜென்ட், கடைசியில் சீஃப் மாஸ்டர் சார்ஜென்ட். மேலே போகப் போக இடம் குறுகும். உச்சியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. இ-8, இ-9 என்ற இரண்டு படிகளை 1958-ல் உருவாக்கியபோது, இ-9 படியில் நூற்றுக்கு ஒருவர்தான் என்றார்கள்.

பதவி கிடைக்காவிட்டால் பழைய பதவியிலேயே இருந்துவிட்டுப் போகலாமே என்று நினைக்கலாம். இருக்க விடமாட்டார்கள். இன்ன படியில் இத்தனை ஆண்டுதான் என்று ஒரு கெடு உண்டு. 2013-ல் ஆட்குறைப்புக்காக அந்தக் கெடுவைச் சுருக்கினார்கள். ஸ்டாஃப் சார்ஜென்டுக்கு 20 ஆண்டாக இருந்தது 15 ஆயிற்று. அமெரிக்கப் படையில் வழக்கமான ஓய்வூதியம் 20 ஆண்டு பணிக்குப் பிறகுதான். ஆக, டெக்னிக்கல் சார்ஜென்ட் பரீட்சையில் தேறாமலே போன ஒருவர் பதினைந்தாம் ஆண்டில் வெளியே போக வேண்டும், ஓய்வூதியம் இல்லாமல். 2019-ல் ஆள் போதவில்லை என்றதும் கெடுவை மறுபடி 20 ஆக்கினார்கள். இடையில் இருந்த ஆறு ஆண்டுகளில் அந்தப் பரீட்சைத் தாளின் மேல் எத்தனை வீடுகளின் எதிர்காலம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த முறை எப்படி வந்தது? 1960-களில், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலத்தில், பதவி உயர்வு அந்தந்தத் தளத்தின் மேலதிகாரிகளும் தேர்வுக் குழுக்களும் பார்த்துக் கொடுப்பதாக இருந்தது. இவருக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. கிடைக்காதவர் தன் தொகுதி மக்கள் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதினார். கடிதங்கள் குவிந்தன. பிரதிநிதிகள் சபையின் படைத்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் தென் கரோலினாவின் மெண்டல் ரிவர்ஸ். அவருடைய குழு விசாரணையில் இறங்கியது. கவனியுங்கள்: தனக்கு உயர்வு கிடைக்கவில்லை என்பதைவிட, ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாததுதான் அந்த வீரர்களை அதிகம் எரிச்சலூட்டியது.

அந்தச் சமயத்தில் விமானப்படையின் கடைநிலை வீரர்கள் அனைவருக்கும் பிரதிநிதியாக ஒரு பதவி புதிதாக ஏற்பட்டது. 1967 ஏப்ரலில் அதில் முதலாவதாக அமர்ந்தவர் பால் ஏரி. இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் வானொலி இயக்குநராகவும் துப்பாக்கி வீரராகவும் பறந்து, 1944-ல் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர் முடியும்வரை ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். அவர் முன்னின்று அமைத்த அடித்தளத்தின் மேல் 1970-ல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு காரணிக்கும் இன்ன எடை என்று நிர்ணயித்த பதவி உயர்வு முறை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வாப்ஸ்’ என்பார்கள். ஏரி 2009-ல் காலமானார். வாப்ஸ் இன்னும் இருக்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். நெடுங்காலம் இருந்த வடிவம் இது. மொத்தம் 460 புள்ளி. தன் தொழில் பற்றிய பரீட்சைக்கு 100. விமானப்படையின் பொது அறிவுப் பரீட்சைக்கு 100. வரலாறு, ஒழுங்கு விதிகள், தலைமைப் பண்பு எல்லாம் அதில். மேலாளர் எழுதும் ஆண்டு மதிப்பீட்டுக்கு 135. இப்போதைய பதவியில் கழித்த காலத்துக்கு, மாதத்துக்கு அரைப் புள்ளி வீதம் 60 வரை. மொத்தப் பணிக்காலத்துக்கு ஆண்டுக்கு இரண்டு வீதம் 40 வரை. பதக்கங்களுக்கு 25 வரை. கூட்டிப் பாருங்கள், 460 வரும்.

பதக்கக் கணக்கில் ஒரு வேடிக்கை. சாதாரணச் சாதனைப் பதக்கத்துக்கு 1 புள்ளி, பாராட்டுப் பதக்கத்துக்கு 3. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானருக்கு 15. பரீட்சையில் ஒரு கேள்விக்கு ஒரு புள்ளி. ஆகவே அந்த மாபெரும் விருது பதினைந்து கேள்விக்குச் சமம்! 1969 பிப்ரவரியில் ஜான் லெவிட்டோ என்ற இளம் வீரர், பறந்துகொண்டிருந்த விமானத்துக்குள் எரியத் தொடங்கிய வெளிச்சக் குண்டை, உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்களோடு இழுத்துப்போய்க் கதவுக்கு வெளியே தள்ளி எட்டு பேர் உயிரைக் காத்தார். தன் உயிர் எட்டாவது. அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் கையால் அந்த விருதைப் பெற்றார். அப்படிப்பட்ட செயலுக்குப் பதினைந்து கேள்வி விலையா என்று கோபம் வரலாம். எனக்கும் முதலில் வந்தது. யோசித்தால், அதில் ஒரு நிதானம் தெரிகிறது. வீரத்துக்கு மரியாதை வேறு. நாளை பத்துப் பேரை வைத்து ஒரு பணிமனையை நடத்தத் தெரியுமா என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கணக்குப் போட்டவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

முறையின் உயிர் 460-ல் இல்லை. முடிவு வந்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பெண் சீட்டு வரும். தேறியவருக்கும் வரும், தேறாதவருக்கும் வரும். எந்தக் காரணியில் எத்தனை புள்ளி, மொத்தம் எவ்வளவு, உங்கள் தொழிற்பிரிவில் கடைசியாகத் தேறியவரின் மொத்தம் எவ்வளவு, போட்டியிட்டவர்களில் நீங்கள் எத்தனையாவது இடம். அவ்வளவும் அதில் இருக்கும். தசமப் புள்ளி வரை இருக்கும். ஒன்றரைப் புள்ளியில் தவறவிட்டவர், தனக்குக் குறைந்தது இரண்டு கேள்வி என்று கண்டுகொள்வார். மேலதிகாரிக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் இன்ன ஊர்க்காரன், இன்ன நிறத்தவன் என்ற சந்தேகங்களுக்கு அந்தச் சீட்டு பதில் சொல்லிவிடும். அல்லது சந்தேகம் சரிதான் என்று மதிப்பீட்டுப் புள்ளியில் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுமே நல்லதுதான். ஒரு பரீட்சையை அது யாரைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கொண்டு எல்லோரும் எடைபோடுகிறோம். தேறாதவரிடம் அது என்ன சொன்னது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, படிப்புக்கு வருவோம். கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பேராசிரியர்கள் எழுதுவதில்லை. அந்தத் தொழிலிலேயே ஊறிய மூத்த சார்ஜென்டுகளை டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கத்திலுள்ள ராண்டால்ஃப் தளத்துக்கு வரவழைத்து, தேர்வு உளவியல் அறிந்தவர்களோடு உட்காரவைத்து எழுதச் சொல்கிறார்கள். விமான இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கான கேள்வியை எண்ணெய்க் கறை படிந்த கைதான் எழுதுகிறது. அதோடு ஒரு விதி: ஒவ்வொரு கேள்விக்கும் அச்சிட்ட நூலில் இடம் காட்ட வேண்டும். எந்தெந்த நூல்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் வெளியிட்டுவிடுகிறார்கள். பொது அறிவுப் பரீட்சைக்கு ஒரே ஒரு கைநூல். பட்டியலுக்கு வெளியே ஒரு வரிகூடக் கேட்க முடியாது. அனுபவத்தை மட்டும் நம்பி உள்ளே போகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். ‘எங்கள் பணிமனையில் இப்படித்தான் செய்வோம்’ என்பது ஒரு விடை. நூலில் உள்ளது இன்னொரு விடை. நான்கு விருப்பங்களில் இரண்டும் இருக்கும். மதிப்பெண் நூலுக்குத்தான்.

கைநூல் தடிமனானது. அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கப் புறப்படுகிறவர் பாதி வழியில் களைத்துப்போவார். அதற்கும் படையே ஒரு துணை செய்திருக்கிறது. அனுபவம் மிகுந்த சீஃப் மாஸ்டர் சார்ஜென்டுகளிடம் கேட்டு, இந்தப் பதவிக்குப் போகிறவர் எந்தத் தலைப்பை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்க வேண்டும் என்று மதிப்பிட்டு, அதை ஓர் அட்டவணையாகப் பரீட்சை எழுதுவோருக்கே கொடுத்துவிடுகிறார்கள். எந்த இயல் எந்தப் படிக்கு, எது முக்கியம், எது குறைவு என்று அதில் கிடைக்கும். விவரமானவர் முதல் வாரம் நூலைத் திறக்கவே மாட்டார், அட்டவணையைத்தான் படிப்பார். நம் அரசு ஊழியர்கள் துறைத் தேர்வுக்கு அறிவிக்கையைக்கூட முழுதாகப் பார்க்காமல் கடையில் கிடைக்கும் வினா–விடைத் தொகுப்பை வாங்கிக்கொண்டு ஓடுவது நினைவுக்கு வருகிறது. போகட்டும்.

எப்படிப் படிப்பது? இங்கே ராணுவ விதியை விட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். 2006-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு சாராரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். இன்னொரு சாராரைப் பத்தியை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது. மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 75. படித்தவர்கள் வென்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ்: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மஞ்சள் மை ஏன் ஏமாற்றுகிறது என்பது இதில் இருக்கிறது. கோடிழுத்த பக்கத்தை மறுபடி பார்க்கும்போது எல்லாம் தெரிந்த முகமாக இருக்கும். தெரிந்த முகம் எல்லாம் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த முகம் ஆகிவிடாது. பரீட்சை இருக்கும் நாள் ஐந்து நிமிடத்தில் இல்லை. பல வாரம் கழித்து இருக்கிறது. ஆகவே கையடக்க அட்டையில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் எழுதி, விமானத்துக்காகக் காத்திருக்கும்போதும் உணவு வரிசையில் நிற்கும்போதும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் வீரர், மேசை விளக்கடியில் மூன்றாம் முறை வாசிக்கிறவரைவிடப் புத்திசாலி.

தன்னைத்தானே என்று சொன்னதில் ஒரு பொருள் இருக்கிறது. இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி. விமானப்படையில் பல பத்தாண்டுகளாகக் கூட்டாகப் படிப்பது குற்றமாக இருந்தது. ஆமாம், குற்றம். பதவி உயர்வுப் பரீட்சைக்காக இருவர் சேர்ந்து படிப்பதும், ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வதும், குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதும் பரீட்சையின் ரகசியத்தைக் குலைக்கும் செயல் என்று விதி சொன்னது. மீறினால் ராணுவ நீதிச் சட்டத்தின் 92-வது பிரிவு, அதாவது கட்டளையை மீறிய குற்றம். போர்க்களத்தில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கச் சொல்லும் படை, பரீட்சைக்கு மட்டும் தனியாகப் படி என்றது.

காரணம் இல்லாமல் இல்லை. பரீட்சை எல்லோருக்கும் ஒரே நாளில் நடப்பதில்லை. உலகெங்கும் உள்ள தளங்களில், சில வாரங்களுக்கு நீளும் பருவத்தில் நடக்கிறது. முதல் வாரம் எழுதியவர் இரண்டாம் வாரம் எழுதப்போகிறவரோடு சேர்ந்து படித்தால், ‘இதைக் கொஞ்சம் நன்றாகப் பார்த்துக்கொள்’ என்ற ஒரு வார்த்தை போதும். இன்னொன்றும் உண்டு. பெரிய தளத்தில் நூறு பேர் குழுவாகப் படிக்கலாம். எங்கோ ஒரு மலையுச்சி ராடார் நிலையத்தில் அந்தத் தொழிலுக்கு ஒரே ஒருவர் இருப்பார். அவருக்கு யார் துணை? சம வாய்ப்பு வேண்டுமென்றால் எல்லோரும் தனியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். நியாயம் புரிகிறது. ஆனால் சார்ஜென்ட் என்பவருடைய வேலையே தனக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பதவிக்கான படிப்பில் கற்றுக்கொடுப்பதைத் தடைசெய்தது எனக்குச் சரியாகப் படவில்லை. தேதிகளை ஒன்றாக்கியிருந்தால் விதிக்கு வேலையே இருந்திருக்காது.

அமெரிக்கக் கடற்படை வேறு வழியில் போயிற்று. அங்கே பதவி உயர்வுப் பரீட்சை கப்பல் எங்கிருந்தாலும் குறித்த நாளில் நடக்கும். இடைநிலைப் படிகளுக்கு மார்ச், செப்டம்பர் என்று ஆண்டுக்கு இரு முறை. எந்த நூலிலிருந்து கேள்வி வரும் என்ற பட்டியல் பல மாதம் முன்பே வந்துவிடும். கப்பலின் அடித்தளத்தில் மூத்த மாலுமி ஒருவர் நாலைந்து இளைஞர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவது அங்கே பெருமைக்குரிய காரியம்.

கடற்படையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இன்னொன்று. பரீட்சையில் தேறிவிட்டார், ஆனால் காலியிடம் போதாமல் உயர்வு கிடைக்கவில்லை. இப்படிப்பட்டவர்களில் முன்னணியில் நின்றவர்களுக்கு அதற்காகவே சில புள்ளிகள் கொடுப்பார்கள். அந்தப் புள்ளி அடுத்த முறை மொத்தத்தில் சேரும். மீண்டும் தவறினால் மேலும் சேரும். தவறவிட்டவருக்கு எந்தப் பகுதியில் எத்தனை சரி என்று காட்டும் சீட்டும் உண்டு. அடுத்த ஆறு மாதப் படிப்புக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் மின்பணிக்காரருக்கு உயர்வு கிடைக்கும், சமையல் பிரிவுக்காரருக்குக் கிடைக்காது; இடம் காலியாவதைப் பொறுத்தது. அந்த அநியாயத்தை முழுக்கப் போக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதன் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கிய ஏற்பாடு இது.

அமெரிக்கத் தரைப்படையைப் பற்றிச் சுருக்கமாக. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை அங்கே தொழில் திறன் பரீட்சை ஒன்று இருந்தது; பிறகு கைவிட்டார்கள். இப்போது 800 புள்ளிக் கணக்கு ஒன்றும், நேர்முகக் குழு ஒன்றும். குழுவுக்குத் தலைவர் சார்ஜென்ட் மேஜர். இளைஞர் சடங்கு உடையில் கதவைத் தட்டி, உள்ளே போய், வணங்கி நிற்க வேண்டும். உட்காரச் சொன்ன பிறகு முதுகு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று தெளிவாகச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. அங்கே தயாரிப்பு என்பது முழுக்கக் கூட்டு முயற்சி: தன் பிரிவு சார்ஜென்ட் இரவில் போலிக் குழு அமைத்து விரட்டி விரட்டிக் கேள்வி கேட்பார். வாய் குழறும் சிறுவனை நாலு முறை உட்காரவைத்தால் ஐந்தாம் முறை குழறாது.

மறுபடி விமானப்படைக்கு. அந்த 460 புள்ளிக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. மேலாளர் மதிப்பீட்டுக்கு 135 என்றேன் அல்லவா? நல்ல பையன், இவன் வாழ்க்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா மேலாளர்களும் எல்லோருக்கும் முழு மதிப்பீடு போட்டார்கள். 135 எல்லோருக்கும் வந்தால் 135-க்கு மதிப்பில்லை. பணிக்காலப் புள்ளி ஒரே பருவத்தவருக்கு ஏறத்தாழ ஒன்றே. மிச்சம் பிரித்துக் காட்டுவது பரீட்சை மட்டும்தான். வேலையில் சூரர், பரீட்சையில் சுமார், அவர் பின்தங்கினார். பரீட்சையில் சூரர், வேலையில் சுமார்; அவர் முன்னேறினார். இது பழைய புகார், உண்மையான புகார். ஆனால் பழி பரீட்சையின் மேல் விழுந்தது. விழ வேண்டியது மனசாட்சியைக் காட்டாமல் முழு மதிப்பெண் போட்ட மேலாளர் மேல்.

2014-ல் பெரிய மாற்றத்தை அறிவித்தார்கள். பணிக்காலத்துக்கும் பதவிக்காலத்துக்கும் இருந்த நூறு புள்ளியையும் தவணை முறையில் நீக்கினார்கள். மதிப்பீட்டுக்கு 250 புள்ளி ஆயிற்று. ‘இப்போதே உயர்த்துக’ என்ற உச்சப் பரிந்துரையை நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடும் வழக்கத்தை அப்படித்தான் நிறுத்த முடிந்தது. 2019-ல் மேலும் ஒரு படி: மேல்மட்டத்து இ-8, இ-9 பதவிகளுக்கு எழுத்துப் பரீட்சையே வேண்டாம், தேர்வுக் குழு போதும் என்றார்கள். 2022 முதல் ஸ்டாஃப், டெக்னிக்கல் சார்ஜென்ட் பரீட்சையில் சூழ்நிலைக் கேள்விகள் வந்தன. இப்படி ஒரு சிக்கல், செய்யக்கூடியவை நான்கு, எது மிகச் சிறந்தது, எது மிக மோசமானது? கைநூலை வரிக்கு வரி ஒப்பிப்பவருக்கு இதில் பாதி உதவிதான். நல்ல சார்ஜென்டின் கீழ் வேலை பார்த்தவருக்கு முழு உதவி. தயாரிப்பின் ஒரு பகுதி புத்தகத்திலிருந்து பணிமனைக்கு இடம் மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

2019-ன் மாற்றத்தை வரவேற்க எனக்கு மனம் வரவில்லை. முப்பது பேரை, முன்னூறு பேரை நடத்தப்போகிற மூத்தவருக்கு நான்கு விருப்பக் கேள்வி எதற்கு என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரீட்சை என்பது அந்தக் கணக்கில் எந்த மேலதிகாரியின் பேனாவுக்கும் எட்டாத பகுதி. ஒருவருக்கு மேலே யாரையும் தெரியாது, பேச்சு வன்மை கிடையாது, தலைமையகத்தில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அவர் இரவெல்லாம் படித்து 95 எடுத்தால் அந்த 95-ஐ யாரும் 80 ஆக்க முடியாது. அந்த வழியை மேல்படிகளில் மூடிவிட்டார்கள். குழு கொடுக்கும் மதிப்பெண் சீட்டில் வருகிறது என்பது உண்மை. எந்த வரியால் அந்த மதிப்பெண் குறைந்தது என்பது வருவதில்லை. 1967-ல் கடிதம் எழுதிய வீரர் இன்று இ-8 ஆக முயன்றால், அதே கேள்வியைக் கேட்கும் நிலைமையில்தான் இருப்பார். கீழ்ப்படிகளில் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறும்: ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆனவர்கள் சில ஆண்டுகளில் போட்டியிட்டவர்களில் பாதி, 2022 போன்ற ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் அளவுதான். ஐந்தில் நால்வர் வெறுங்கையோடு திரும்பும் போட்டியில், திரும்பும் கையில் ஒரு விளக்கச் சீட்டு இருக்க வேண்டாமா?

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு விண்ணப்பங்களோடு முடித்துக்கொள்கிறேன். இந்த அரங்கில் யாராவது பரீட்சை நடத்தும் பொறுப்பில் இருந்தால், கல்லூரியாகட்டும், ஆலையாகட்டும், அலுவலகமாகட்டும், தேறாதவருக்குப் பகுதிவாரி மதிப்பெண்ணையும் கடைசியாகத் தேறியவரின் மதிப்பெண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஒரு தாளுக்கு மேல் செலவில்லை.

அடுத்தது வீட்டில் படைவீரர் இருப்பவர்களுக்கு. எந்தப் படையானாலும் சரி, விடுப்பில் வரும் பிள்ளையிடம் வாசலிலேயே ‘எப்போப்பா புரமோஷன்?’ என்று கேட்காதீர்கள். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று அத்தனை நாளையும் நீங்களே எடுத்துக்கொள்ளாமல், பெட்டியின் அடியில் அவன் கொண்டுவந்திருக்கும் அந்தப் புத்தகத்தோடு நாளுக்கு ஒரு மணி நேரம் தனியாக விடுங்கள்.